முன்சுவர் ஒண்ணு, பின்சுவர் வேற: இங்கிலாந்து வரிசை வீடுங்க பாக்கப் போன டைரி

செவ்வாய், ப்ளூம்ஸ்பரி

இந்த தடவ லண்டன்ல டவர் பிரிட்ஜ், பெரிய வீல், மெழுகு பொம்மை எதுவும் லிஸ்ட்ல கிடையாது. வீடு பாக்கத்தான் வந்திருக்கேன், அதுவும் 1800லேர்ந்து 1835 வாக்குல கட்டுன வரிசை வீடுங்க, இங்க டெரஸ் ஹவுஸ்னு சொல்றது. வீட்டு பிளான் வரையிறதுதான் எனக்கு சோறு போடுற தொழில், அதனால எந்த ஊர்ல இறங்குனாலும் கண்ணு நேரா சுவர், படி, ஜன்னல் மேலதான் போகும். அக்கா வீடு கிராய்டன்ல. அத்தான் இங்க பில்டிங் சர்வேயர், பழைய வீடு வாங்குறவங்களுக்காக ஈரம், விரிசல், கூரை எல்லாம் பாத்து ரிப்போர்ட் எழுதிக் குடுக்குறவர், லீவ் போட்டுட்டு நானும் வர்றேம்மான்னு கிளம்பிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்.

முதல்ல பெட்ஃபோர்ட் ஸ்கொயர். இது நான் தேடி வந்த காலத்துக்கு கொஞ்சம் முந்தினது, 1775லேர்ந்து 1783க்குள்ள கட்டுனது, ஆனா இத பாக்காம அடுத்தத பாத்தா புரியாது. நாலு பக்கமும் செங்கல் வீடு, ஒவ்வொரு பக்கமும் நடுவுல ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளை பூச்சும் மேல முக்கோண முகப்பும் குடுத்து, மொத்த வரிசையையும் ஒரே மாளிகை மாதிரி காட்டியிருக்காங்க. 49ஆம் நம்பர்ல ராஜா ராம்மோகன் ராய் இருந்தார்னு ஒரு பலகை இருக்கு, அங்க கொஞ்ச நேரம் நின்னேன்.

கதவச் சுத்தி கல்லு வேலைப்பாடு, வளைவுக்கு நடுவுல ஒரு முகம். கிட்டப் போய் பாத்தா அது கல்லே இல்ல, கோட் ஸ்டோன்னு சொல்ற ஒரு வகை சுட்ட மண். எலினர் கோட்னு ஒரு அம்மா 1769லேர்ந்து லாம்பெத்ல ஃபேக்டரி நடத்தி அச்சுல வார்த்து சூளைல சுட்டு வித்தது, வேணுங்கிற டிசைன கேட்டலாக்ல பாத்து ஆர்டர் குடுத்துக்கலாம். 200 வருஷத்துக்கு மேல லண்டன் மழையும் கரிப்புகையும் பட்டும் மூக்கு முழி அப்படியே கூர்மையா நிக்குது, பக்கத்துல இருக்குற நிஜக் கல்லு கரைஞ்சு போயிருக்கு! 18ஆம் நூற்றாண்டுல ஒரு பொம்பளை தன் பேர்ல தொழில் நடத்தி இவ்வளவு தரமா ஒரு பொருள் குடுத்திருக்காங்கன்னு நெனச்சா பெருமையா இருக்கு.

இந்த வீடுங்க எல்லாம் ஏன் ஒரே முகமா இருக்குன்னா, முதல் காரணம் சட்டம். 1666 பெரிய தீ விபத்துக்கு அப்புறம் லண்டன்ல மரத்த கண்டாலே பயம். 1707ல மரத்துல செஞ்ச கூரை விளிம்பு கூடாதுன்னுட்டாங்க, அதனாலதான் கூரை கைப்பிடிச் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. 1709ல ஜன்னல் சட்டத்த சுவர் முகத்துலேர்ந்து 4 அங்குலம் உள்ள தள்ளுன்னாங்க. 1774 சட்டம்தான் எல்லாத்துக்கும் பெருசு, சர் ராபர்ட் டெய்லர், ஜார்ஜ் டான்ஸ்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட் எழுதுனது. ஜன்னல் பெட்டியவே செங்கலுக்குப் பின்னாடி மறைச்சிரணும்னு அதுலதான் வந்துச்சு, தெருவுலேர்ந்து பாத்தா மெல்லிசா ஒரு கோடு மட்டும் தெரியும். வீடுகள நாலு ரேட்டா பிரிச்சதும் அந்த சட்டம்தான். முதல் ரேட்டுன்னா மதிப்பு 850 பவுண்டுக்கு மேல, தரை அளவு 900 சதுர அடிக்கு மேல, நாலாவது ரேட்டுன்னா 150 பவுண்டுக்குக் கீழ, 350 சதுர அடிக்குள்ள. எந்த ரேட்டுக்கு எவ்வளவு தடிமன்ல சுவர்னு அட்டவணையே இருக்கு. ஒரு பில்டருக்கு ரேட்ட சொன்னா போதும், வீடு பாதி முடிஞ்ச மாதிரி.

ரெண்டாவது காரணம் குத்தகை, இத விளக்கலன்னா அடுத்து வர்றது எதுவும் பிடிபடாது. நிலம் பெட்ஃபோர்ட் பிரபு மாதிரி ஒருத்தரோடது. அவர் விக்க மாட்டார், 99 வருஷம் மாதிரி நீண்ட குத்தகைக்கு விடுவார். எடுக்குறவன் ஒரு மேஸ்திரி, கையில பெருசா காசு கிடையாது. முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு தரை வாடகை ஒரே ஒரு மிளகுன்னு பத்திரத்துல எழுதுவாங்க, அதாவது ஒண்ணுமே குடுக்க வேணாம். அந்த அவகாசத்துக்குள்ள சுவர், தளம், கூரைன்னு வெறும் கூடு எழுப்பி, வாங்குறதுக்கு ஆள் பிடிச்சிரணும், உள் வேலை வாங்குறவர் இஷ்டம். காசு இல்லாத மேஸ்திரிங்க வேலைய வேலைக்கு மாத்திக்குவாங்க, ஆசாரி இவன் வீட்டு கதவு ஜன்னல செய்வான், பதிலுக்கு இவன் ஆசாரி வீட்டு சுவர எழுப்புவான். பிரபுவுக்கு முகப்பு அழகா ஒரே சீரா இருக்கணும், அத பத்திரத்துலயே கட்டிப் போட்டிருவார். முகப்புக்குப் பின்னாடி நடக்குறத அவ்வளவா கண்டுக்க மாட்டார். குத்தகை முடிஞ்சா வீடு மொத்தமும் அவர் குடும்பத்துக்கு.

அப்படியே நடந்து வோபர்ன் வாக். 1822, தாமஸ் கியூபிட் கட்டுனது. கீழ வளைஞ்ச கண்ணாடி வச்ச கடைங்க, மேல குடியிருப்பு, சின்ன சந்துதான், வண்டி வராது. ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1895லேர்ந்து ரொம்ப வருஷம் இங்கதான் குடியிருந்தார். கியூபிட் சாதாரண ஆசாரி, சின்ன வயசுல கப்பல் தச்சரா இந்தியா வரைக்கும் போய்ட்டு வந்து அந்த காச வச்சு தொழில் ஆரம்பிச்சவர். 1815 வாக்குல அவர் ஒரு புது ஏற்பாடு பண்ணார், கொத்தனார், ஆசாரி, பூச்சுக்காரர், பிளம்பர் எல்லாரையும் கிரேஸ் இன் ரோட்ல ஒரே பட்டறைல நிரந்தரமா சம்பளத்துக்கு வச்சுக்கிட்டார். சம்பளம் நிக்காதுன்னா வேலையும் நிக்கக்கூடாது, அதனாலதான் வரிசை வரிசையா வீடு கட்டித் தள்ளுனார். அவர் கட்டுன வீட்டுல இன்னிக்கும் படி ஆடல, தளம் சாயலன்னு அத்தான் சொல்றார், அவர் வாயிலேர்ந்து பாராட்டு வர்றது அபூர்வம்.

இன்னொண்ணு சொல்லணும். இந்த ஏரியாவுல, மேரிலபோன்ல, மேற்க இருக்குற பாத் ஊர்ல, இந்த மாதிரி வீடு வாங்குனவங்க பல பேருக்கு காசு வந்த வழி மேற்கிந்தியத் தீவுல அடிமைங்க வெட்டுன கரும்பு. 1833ல அடிமை முறைய ஒழிக்கும்போது 20 மில்லியன் பவுண்ட் நஷ்டஈடு குடுத்தாங்க, அடிமையா இருந்தவங்களுக்கு இல்ல, வச்சிருந்த முதலாளிங்களுக்கு. அந்தப் பட்டியல இதே ப்ளூம்ஸ்பரில இருக்குற யுசிஎல் யுனிவர்சிட்டி தோண்டி எடுத்து யார் வேணா தேடிப் பாக்குற மாதிரி இணையத்துல போட்டிருக்கு, முகவரி முதற்கொண்டு. அழகான கதவ பாக்கும்போது அதையும் சேத்துப் பாக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

புதன், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ், டவுட்டி ஸ்ட்ரீட்

சர் ஜான் சோன் மியூசியம். டிக்கெட் கிடையாது, ஃப்ரீ. கொத்தனார் மகனா பொறந்து பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கே ஆர்க்கிடெக்ட் ஆனவர். 12, 13, 14னு பக்கத்துப் பக்கத்து மூணு வரிசை வீட்ட 1792லேர்ந்து 1824 வரைக்கும் ஒண்ணொண்ணா வாங்கி இடிச்சுக் கட்டுனார்.

வரிசை வீட்டுல இருக்குற பெரிய சிக்கல் எது தெரியுமா, வெளிச்சம். ரெண்டு பக்கமும் பொதுச் சுவர், முன்னாடி பின்னாடி மட்டும்தான் ஜன்னல், நடுவுல இருட்டு. அதுக்குத்தான் ஒரு மாடிக்கு ரெண்டே ரூம், முன் ரூம், பின் ரூம், ஓரமா படிக்கட்டு, இதுக்கு மேல ஆழமா போக முடியாது. சோன் அந்த இருட்ட மேலேர்ந்து உடைச்சிருக்கார். காலை சாப்பாட்டு ரூம்ல ஒரு ஆழமில்லாத கவிகை கூரை, அது சுவர தொடவே இல்ல, தூண்ல நிக்குது, கவிகைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குற இடைவெளில எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம வெளிச்சம் வழிஞ்சு இறங்குது, அங்கங்க குவிஞ்ச கண்ணாடி வச்சு அதையும் ரெட்டிப்பாக்கியிருக்கார். ஒரு சின்ன ரூம்ல சுவரே கதவு மாதிரி திறக்குது, படம் மேல படம், திறந்தா இன்னும் படம். கீழ பாதாளத்துல எகிப்து ராஜா சேத்தியோட கல் சவப்பெட்டி, பிரிட்டிஷ் மியூசியம் வேணாம்னு விட்டத 1824ல 2,000 பவுண்ட் குடுத்து வாங்கியிருக்கார். பிளான் வரையிறவங்க யார் லண்டன் போனாலும் இங்க அரை நாள் ஒதுக்குங்க, ப்ளீஸ். 20 அடி அகலத்துக்குள்ள இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சைட்ல நாம அலுத்துக்கிறோமே, அதுக்கெல்லாம் பதில் இங்க இருக்கு.

வெளிய முகப்புல ஒரு சண்டை கதை. 13ஆம் நம்பருக்கு வெள்ளை போர்ட்லண்ட் கல்லுல கொஞ்சம் முன்னாடி நீட்டி ஒரு தாழ்வார முகப்பு வச்சார். வரிசைல ஒரு வீடு மட்டும் எப்படி முன்னாடி வரலாம்னு அந்த ஏரியா சர்வேயர் கின்னேர்ட் 1812ல 1774 சட்டப்படி கேஸ் போட்டார். சோன் ஜெயிச்சார், முகப்பு இன்னிக்கும் அங்க நிக்குது. அத்தான் சிரிச்சுக்கிட்டே, சர்வேயர் செஞ்சதும் தப்பு இல்லம்மா, ஒருத்தர விட்டா வரிசையே போயிடும்னார். எனக்கு சோன் பக்கம்தான்.

மத்தியானம் டவுட்டி ஸ்ட்ரீட் 48, டிக்கன்ஸ் மியூசியம். சோன் வீடு விதிவிலக்குன்னா இது விதி. 1807, 1809 வாக்குல கட்டுன அச்சு அசலான வரிசை வீடு, 1837லேர்ந்து 1839 வரைக்கும் வருஷத்துக்கு 80 பவுண்ட் வாடகைக்கு 25 வயசு டிக்கன்ஸ் இருந்தார். அப்ப தெருவோட ரெண்டு முனையிலயும் கேட் போட்டு வாட்ச்மேன் நிக்க வச்சிருந்தாங்க. நான் எழுத்தாளர் மேஜைய ஒரு நிமிஷம்தான் பாத்தேன், கீழ பேஸ்மென்ட்ல ரொம்ப நேரம் இருந்தேன். முன்னாடி கிச்சன், பின்னாடி பாத்திரம் கழுவுற இடம், துணி அவிக்கிற செம்புக் கொப்பரை பதிச்ச அடுப்பு, ஒயின் வைக்கிற உள்ளறை.

தெரு மட்டத்துல நின்னா முன்னாடி ஒரு பள்ளம் தெரியுமில்ல, கம்பி வேலி போட்டு, கிச்சனுக்கு வெளிச்சம் விடுறதுக்கு? அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நடைபாதைக்கு அடியில, வளைவு போட்ட நிலக்கரி அறை. நடைபாதைல வட்ட இரும்பு மூடி வச்சிருப்பாங்க, கரிக்காரர் அதத் திறந்து மூட்டைய கொட்டிட்டுப் போயிடுவார், வீட்டுக்குள்ள கால் வைக்க வேணாம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மண்ணு கணக்கு. பேஸ்மென்ட் முழு ஆழத்துக்குத் தோண்டவே இல்ல, பாதி தோண்டுன மண்ண எடுத்து முன்னாடி ரோட்ட உசத்திட்டாங்க. நாம தரைன்னு நெனச்சு நடக்குற ரோடு, கட்டி எழுப்புனது. வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துக்குப் போய் பாருங்க, அங்க மட்டம் கீழ இருக்கும், அதுதான் அசல் பூமி. தோண்டும்போது நல்ல களிமண் கிடைச்சா அங்கயே செங்கல் அறுத்து, வீட்டுக் குப்பைலேர்ந்து சலிச்ச கரிச்சாம்பல கலந்து, காளவாசல் போட்டு சுட்டிருவாங்க. லண்டன் மஞ்சச் செங்கல் அப்படி வந்ததுதான்.

வியாழன், ரீஜென்ட்ஸ் பார்க்

இன்னிக்கு செங்கல்லேர்ந்து பூச்சுக்கு மாறியாச்சு.

1811ல மேரிலபோன் பார்க் நிலத்தோட குத்தகை முடிஞ்சு ராஜ குடும்பத்துக்குத் திரும்புச்சு, அதே வருஷம் இளவரசர் ஜார்ஜ் ரீஜென்ட், அதாவது ராஜாவுக்குப் பதிலா ஆட்சி பாக்குறவர் ஆனார், ஆர்க்கிடெக்ட் ஜான் நாஷ் பிளான் போட்டுக் குடுத்தார். கிரசண்ட்னா பிறை மாதிரி வளைஞ்ச வீட்டு வரிசை, பார்க் கிரசண்ட்ட முழு வட்டமா நெனச்சு 1812ல ஆரம்பிச்சாங்க, பில்டர் சார்லஸ் மேயர் திவால், அரை வட்டத்தோட நின்னுடுச்சு. நெப்போலியன் சண்டை நடந்துக்கிட்டிருந்த காலம், பால்டிக் பக்கத்துலேர்ந்து மரம் வர்றதுல சிக்கல், வட்டி ஜாஸ்தி, நாடு முழுக்க பாதில நின்ன வீடுங்க. பிரிஸ்டல் கிளிஃப்டன்ல ராயல் யார்க் கிரசண்ட்னு ஒண்ணு, 1791ல ஆரம்பிச்சது, முடிஞ்சது 1820ல, நடுவுல அரசாங்கம் வாங்கி பட்டாளத்து குடியிருப்பா மாத்தப் பாத்துச்சு. 1815ல சண்டை முடிஞ்சப்புறம்தான் கொத்தனார் கைக்கு மறுபடி வேலை வந்துச்சு, 1820கள்ல வெறி பிடிச்ச மாதிரி கட்டியிருக்காங்க.

பார்க்கச் சுத்தி இருக்குற மாளிகை வரிசைல முதல் வரிசை கார்ன்வால் டெரஸ், 1821, வரைஞ்சது டெசிமஸ் பர்ட்டன், அப்ப அவருக்கு 21 வயசு இருக்கும். யார்க் டெரஸ்ல ஒரு தந்திரம் பண்ணியிருக்காங்க, வாசல் கதவு எல்லாம் பின்பக்க தெருவுல, பார்க் பக்கம் கதவே கிடையாது, அப்பதானே ஒரே மாளிகைன்னு நம்புவாங்க. செஸ்டர் டெரஸ் நீளமோ நீளம், ரெண்டு முனையிலயும் வளைவு வாசல் வச்சு தெருப் பேர பெரிய எழுத்துல எழுதியிருக்கு.

கம்பர்லண்ட் டெரஸ் முன்னாடி வந்து நின்னப்ப நிஜமாவே மூச்சு முட்டுச்சு. 1826. நடுவுல பெரிய பெரிய தூண், மேல நீல முக்கோணத்துல வெள்ளைச் சிலைங்க, பப்னு ஒரு சிற்பி செஞ்சது. எதிர்ல ரீஜென்ட்டுக்கு ஒரு விருந்து மாளிகை வர்றதா இருந்துச்சு, வரவே இல்ல, இது மட்டும் அதப் பாத்த மாதிரி நிக்குது. ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு, வாங்க அத்தான் பின்னாடி போலாம்னு கூட்டிட்டுப் போனேன்.

பின்னாடி வெறும் மஞ்சச் செங்கல். தூண் இல்ல, சிலை இல்ல, பூச்சே இல்ல. மழைக் குழாய் ஒவ்வொரு வீட்டுக்கும் இஷ்டத்துக்கு ஓடுது, ஜன்னல் படிக்கட்டு எங்க திரும்புதோ அங்க பாதி உயரத்துல இருக்கு. எனக்கு இந்தப் பக்கமும் அழகாத்தான் தெரிஞ்சுது, இங்கதான் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு படிக்க முடியுது. முன்பக்கம் என்ன சொல்லணும்கிறது நிலத்துக்காரர் முடிவு, பின்பக்கம் மேஸ்திரி கையில மிச்சம் இருந்த காசு. ரெண்டையும் பாத்தாத்தான் அது வீடு.

பூச்சுக்கு வருவோம். 1796ல ஜேம்ஸ் பார்க்கர் ரோமன் சிமெண்ட்னு ஒண்ணுக்கு பேடன்ட் வாங்கினார், ஷெப்பி தீவு கடற்கரைல கிடைக்கிற ஒரு மாதிரி சுண்ணாம்புக் களிமண் உருண்டைய சுட்டு பொடி பண்ணுனது. தண்ணி பட்டா சீக்கிரம் இறுகும், நிறம் பழுப்பு. சுண்ணாம்புக் காரைக்கு இந்த வேகம் கிடையாது. மட்டமான செங்கல்ல சுவர் கட்டி மேல இத பூசி, ஈரமா இருக்கும்போதே கோடு இழுத்து கல்லு அடுக்குன மாதிரி காட்டி, பாத் ஊர் கல்லோட மஞ்சத் தேன் நிறத்துல சாயம் அடிச்சாங்க. இப்ப நாம பாக்குற பளீர் வெள்ளை, கிரீம் எல்லாம் பின்னாடி வந்த பழக்கம். செங்கல் ஊர பூச்சு ஊரா மாத்திட்டார்னு அந்தக் காலத்துலயே நாஷ கிண்டல் பண்ணி பாட்டு எழுதியிருக்காங்க. எனக்கு அந்த கிண்டல் நியாயமா படல. அவர் குடுத்தது தெரு. ஒவ்வொரு வீட்டையும் தனியா கல்லுல கட்டுனா எத்தன பேரால முடியும்?

ரெண்டாம் உலகப் போர்ல இந்த வரிசைங்க ரொம்ப அடி வாங்குச்சு, அதுக்கு முன்னாடியே பராமரிப்பு இல்லாம கெட்டுக் கிடந்துச்சு. இடிச்சிரலாமான்னு பேச்சு வந்து, கோரெல் பிரபு தலைமைல ஒரு கமிட்டி போட்டு, 1947ல காப்பாத்தணும்னு சொன்னாங்க. முகப்ப வச்சுக்கிட்டு பல வீட்டுக்கு உள் பக்கம் புதுசா கட்டுனாங்க. பார்க் கிரசண்ட் 1960கள்ல கிட்டத்தட்ட மறுபடி கட்டுனதுதான்.

வெள்ளி, ஹோவ்

ஈஸ்ட் கிராய்டன்லேர்ந்து ரயில்ல ஒரு மணி நேரம், பிரைட்டன ஒட்டுன கடற்கரை ஊர், கடல் காத்து.

பிரன்ஸ்விக் ஸ்கொயர். கடல பாத்து ஒரு பக்கம் திறந்த சதுக்கம், மேட்டு மேல ஏறிப் போற மாதிரி ரெண்டு பக்கமும் வீடு, கிரீம் கலர். முன்சுவர் நேரா இல்ல, ஒவ்வொரு வீடும் வயிறு மாதிரி வளைஞ்சு வெளிய வருது, அந்த வளைவுல மூணு ஜன்னல். அழகுக்கு மட்டும் இல்ல, சதுக்கத்துல பக்கவாட்டுல இருக்குற வீட்டுலேர்ந்து கடல் தெரியணும்ல, ஓரத்து ஜன்னல்ல நின்னா தெரியும். கடலுக்காக சுவர வளைச்சிருக்காங்க! வரைஞ்சவர் சார்லஸ் அகஸ்டின் பஸ்பி, ஆமன் வைல்ட்ஸ்னு ஒரு பில்டர் அப்ப கூட்டாளி. நிலம் தாமஸ் ஸ்கட்னு ஒரு பாதிரியாரோட பண்ணை. 1825 வாக்குல வேலை ஆரம்பம். சதுக்கத்துலயும் கடற்கரைலயும் பெரிய வீடு, பக்கத்துத் தெருவுல நடுத்தரம், பின் தெருவுல குதிரை லாயமும் வேலைக்காரங்களும், கூடவே ஒரு மார்க்கெட். முழு ஊரே ஒரே டிராயிங்ல யோசிச்சிருக்காங்க. பஸ்பி கடைசில கடனாளியாகி 1834ல செத்துப் போனார். இவ்வளவு பெரிய வேலைய வரைஞ்ச மனுஷன், மனசு கேக்கல.

13ஆம் நம்பர் ரீஜென்சி டவுன் ஹவுஸ்னு ஒரு மியூசியம், பல வருஷமா பொறுமையா பழையபடி சரி பண்ணிக்கிட்டு வர்றாங்க. முதல் மாடி வரவேற்பறைதான் வீட்டோட உச்சம், தரை வரைக்கும் ஜன்னல், வெளிய இரும்பு பால்கனி, முன் ரூமுக்கும் பின் ரூமுக்கும் நடுவுல மடக்குக் கதவு, திறந்தா ஒரே ஹால், மெழுகுவர்த்தி வச்சு நடனம். மேல போகப் போக உயரம் குறையுது, ஜன்னல் சின்னதாகுது, உச்சில பிள்ளைங்களும் வேலைக்காரப் பொண்ணுங்களும். தெருவுல நின்னு ஜன்னல் உயரத்த பாத்தே எந்த மாடில யாருன்னு சொல்லிடலாம்.

10ஆம் நம்பர் பேஸ்மென்ட்டும் இவங்க கையிலதான் இருக்கு. கிச்சன், ஹவுஸ்கீப்பர் ரூம், மாமிசம் வைக்கிற காத்தோட்ட அறை. ஒயின் அறைக்கு இருக்குற பூட்டு மட்டும் பெருசு. இங்க நின்னுதான் நான் படி எண்ணிப் பாத்தேன். குழாய்த் தண்ணி அந்தக் காலத்துல பேஸ்மென்ட் தொட்டி வரைக்கும்தான், அதுவும் எப்பவும் வராது. ஆக, மூணாவது மாடில ஒருத்தர் முகம் கழுவணும்னா ஒரு பொண்ணு கிச்சன்ல தண்ணி காய வச்சு பாத்திரத்துல தூக்கிட்டு நாலு மாடி ஏறணும், அப்புறம் அந்த அழுக்குத் தண்ணிய தூக்கிட்டு இறங்கணும், ஒவ்வொரு ரூம் கணப்புக்கும் கரி, சாம்பல், ராத்திரி கழிவுப் பானை எல்லாம் அதே படிதான். பல வீட்டுல வேலைக்காரங்களுக்குன்னு தனிப் படி கிடையாது, அகலம் எங்க இருக்கு. வரிசை வீடு நிலத்துல மிச்சம் பிடிச்ச இடத்த ஒரு பொண்ணோட முழங்கால்லதான் வசூல் பண்ணியிருக்கு. பிளான்ல படி ஒரு சின்னக் கட்டம், வரையும்போது நாம யோசிக்கிறதே இல்ல.

மேல் பூச்சு உதிர்ந்த ஒரு பின்சுவர்ல அத்தான் கைய வச்சு காட்டினார். பங்கரூஷ். இந்த ஊர் சரக்கு. பலகை அடைச்சு, நடுவுல சுண்ணாம்புக் காரைய ஊத்தி, உடைஞ்ச செங்கல், கடற்கரை கூழாங்கல், தீக்கல், மரத்துண்டுன்னு கையில கிடைச்சத எல்லாம் போட்டு நிரப்புன சுவர். இது ரொம்ப காயவும் கூடாது, ரொம்ப நனையவும் கூடாது, அதிகமா தண்ணி இறங்குனா காரை கரைய ஆரம்பிச்சிரும், ஒரு தண்ணிக் குழாய் வச்சே பாதி பிரைட்டன இடிச்சிரலாம்னு இங்க சொல்லுவாங்களாம். அதனால வெளிப்பூச்சுல பெயிண்ட் அழகுக்கு இல்லம்மா, குடை, அப்படின்னார். 1976ல வந்த ஹோவ் சட்டப்படி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஒரே கிரீம் கலர்ல அடிக்கணும்.

இந்த சதுக்கத்தையும் பக்கத்துல அடிலெய்ட் கிரசண்ட்டையும் இடிச்சிட்டு ஃபிளாட் கட்டலாம்னு நகராட்சி யோசிச்ச காலம் உண்டு. அத எதிர்த்துத்தான் 1945ல ரீஜென்சி சொசைட்டி ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு ஒரு கும்பிடு.

சனி, பிரைட்டன்

காலைல மழை, சுருக்கமா எழுதுறேன்.

ராயல் கிரசண்ட், 1798ல ஆரம்பிச்சு 1807ல முடிஞ்சது. கறுப்பா மினுமினுன்னு இருக்கு. செங்கல் மாதிரி தெரியும், செங்கல் இல்ல, செங்கல் முகம் மாதிரி அச்சு பண்ண ஓடு, மேதமெடிக்கல் டைல்னு சொல்றாங்க, மேல கறுப்பு மெருகு. கடல் உப்புக் காத்துக்கு நல்ல கவசம். செங்கல் வரிய ஏமாத்தத்தான் இந்த ஓடுன்னு கைடுங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க, தயவு செஞ்சு நம்பாதீங்க, 1784ல வந்த வரி செங்கலுக்கும் ஓட்டுக்கும் சேத்துத்தான் போட்டாங்க. அதே மாதிரிதான் அடைச்ச ஜன்னல் கதையும். ஜன்னல் வரி 1696லேர்ந்து 1851 வரைக்கும் இருந்தது நிஜம், வரிக்காக அடைச்சதும் உண்டு. ஆனா இந்தக் காலத்து வீட்டுல நிறைய இடத்துல அது கட்டும்போதே பொய் ஜன்னல்தான், உள்ள புகைபோக்கி ஓடும், வெளிய சீர் கெடக்கூடாதுன்னு ஜன்னல் வடிவத்த மட்டும் வச்சிருப்பாங்க. கண்ணாடிக்கும் எடை பாத்து வரி, அதனால மெல்லிசா ஊதி சுழட்டி தட்டு மாதிரி விரிச்சு அதுலேர்ந்து சின்னச் சின்னதா வெட்டுனது. பழைய கண்ணாடி மிச்சம் இருக்குற ஜன்னல்ல எதிர் வீடு கொஞ்சம் நெளிஞ்சு தெரியும், அத வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

கெம்ப் டவுன். தாமஸ் ரீட் கெம்ப்னு ஒரு எம்பி, பரம்பரைச் சொத்து, 1823ல ஆரம்பிச்சார், முகப்பு வரைஞ்சது வைல்ட்ஸும் பஸ்பியும். லூயிஸ் கிரசண்ட் பாத் ஊர் ராயல் கிரசண்ட்ட விட அகலம். அவர் எழுப்புனது முகப்பும் கூடும்தான், உள்ள முடிக்கிறது வாங்குறவங்க வேலை. வாங்க ஆள் வரல, ஊர் மையத்துலேர்ந்து தள்ளி இருக்கு. 1837ல கடன்காரங்களுக்குப் பயந்து பிரான்ஸ் ஓடுனார், 1844ல பாரிஸ்ல செத்தார். மிச்சத்த முடிச்சதுல பெரிய பங்கு நம்ம கியூபிட்டுக்கு. தோட்டத்துக்கு அடியில கடற்கரைக்குப் போற சுரங்கப்பாதை இருக்கு, குடியிருக்குறவங்களுக்கு மட்டும்.

சாயங்காலம் செயின்ட் நிக்கோலஸ் சர்ச்ல சேக் தீன் முகமது கல்லறை. பாட்னாக்காரர், இங்க வந்து கடற்கரைல எண்ணெய் தேய்ச்சு மாலிஷ் பண்ற குளியல் இல்லம் நடத்தி ரெண்டு ராஜாக்களுக்கு வைத்தியரானவர், 1851ல இறந்தார். இந்த வரிசை வீட்டுல சீசனுக்கு வந்து தங்குன கூட்டம்தான் அவரோட வாடிக்கை.

ஞாயிறு, ரூப்பெல் ஸ்ட்ரீட்

பெரிய வீடு பாத்தாச்சு, இன்னிக்கு சின்ன வீடு. வாட்டர்லூ ஈஸ்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே. பழைய உலோகம் வாங்கி உருக்குற தொழில்ல பணம் பண்ண ஜான் பாமர் ரூப்பெல் 1820கள்லேர்ந்து கைத்தொழில்காரங்களுக்கு வாடகைக்கு விடக் கட்டுன தெரு. ரெண்டே மாடி, நேரா ரோட்டுலேர்ந்து கதவு, பள்ளம் இல்ல, பால்கனி இல்ல, பூச்சு இல்ல.

இந்தத் தெருவுக்குன்னே ஒரு அழகு இருக்கு, கூரை. லண்டன் வரிசை வீட்டுக் கூரை பெரும்பாலும் நடுவுல பள்ளமா ரெண்டு பக்கம் உசந்து, விரிச்சு வச்ச புத்தகம் மாதிரி இருக்கும், மழைத்தண்ணி நடு வாய்க்கால்ல விழுந்து பின்பக்கம் ஓடும். கட்டை நீளம் குறைவு, செலவு கம்மி. பெரிய வீட்டுல இத கைப்பிடிச் சுவர் மறைச்சிரும், பின்னாடி போனாத்தான் தெரியும். ரூப்பெல் ஸ்ட்ரீட்ல மறைக்கல, தெருப் பக்கமே சுவர் கூரையோட சேந்து ஏறி இறங்கி ஏறி இறங்கி முனை வரைக்கும் பல் பல்லா போகுது, நடுவுல புகைபோக்கிங்க. நாலு நாளா பின்பக்கம் தேடி அலைஞ்சவளுக்கு, இங்க முன்னும் பின்னும் ஒண்ணு.

அத்தான் ஒரு சுவர் முன்னாடி நின்னு கண்ண இடுக்கிப் பாத்துட்டு, இந்த வயிறு பாருன்னார், முன்சுவர் லேசா வெளிய பிதுங்கியிருக்கு. பெரிய வீடு சின்ன வீடு வித்தியாசம் இல்லாம இந்தக் காலத்து வியாதி இது. வெளிய நல்ல செங்கல், உள்ள மட்டச் செங்கல், ரெண்டையும் சேத்துப் பிடிக்க குறுக்கால போக வேண்டிய செங்கல காச மிச்சம் பண்ண பாதியா உடைச்சு வெளிய மூஞ்சிய மட்டும் காட்டியிருப்பாங்க. தெருவுல பாத்தா கட்டு சரியா இருக்குற மாதிரி தெரியும், உள்ள ரெண்டு சுவரும் தனித்தனி. போதாததுக்கு சுவருக்குள்ள மரக்கட்டை புதைச்சிருப்பாங்க, அது மக்கும்போது முன் தோல் கழண்டு வரும். மேல சிமெண்ட் பூசி மறைக்காதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும், சுண்ணாம்புதான் போடணும், துருப்பிடிக்காத கம்பி வச்சு உள் சுவரோட தைக்கணும்னு ஒரு குட்டி கிளாஸ் எடுத்தார்.

கட்டுனவரோட பேரன் வில்லியம் ரூப்பெல் கதையும் இந்தச் சொத்தோடதான். 1856ல அப்பா செத்ததும் உயில போலியா எழுதி சொத்த கைல எடுத்து, 1857ல லாம்பெத் எம்பி ஆகி, எல்லாத்தையும் வித்தும் அடமானம் வச்சும் தொலைச்சு, 1862ல ஸ்பெயினுக்கு ஓடி, அதே வருஷம் திரும்பி வந்து தம்பி போட்ட கேஸ்ல சாட்சிக் கூண்டுல ஏறி ஆமா நான்தான் போலி பண்ணேன்னு ஒத்துக்கிட்டார். ஆயுள் தண்டனை, 1876ல விட்டாங்க. குடும்பச் சொத்துல எது செல்லுபடியா வித்தது, எது செல்லாதுன்னு வக்கீலுங்க அடிச்சுக்கிட்டாங்க.

பாக்க வர்றவங்க வார நாள் காலைல வேண்டாம், ஸ்டேஷனுக்குப் போற கூட்டம் இந்தத் தெரு வழியாத்தான் ஓடும். ஞாயித்துக்கிழமை வாங்க, மேற்கு முனைலேர்ந்து கிழக்கா நடங்க, கதவு முன்னாடி நின்னு உள்ள எட்டிப் பாக்காதீங்க, எல்லாம் ஆளுங்க குடியிருக்குற வீடு. அப்படியே பக்கத்துல தீட் ஸ்ட்ரீட், விட்டில்சி ஸ்ட்ரீட்டும் ஒரு நடை போயிட்டு வந்திருங்க, அதே காலம், அதே செங்கல்.